உள்ளாட்சியில் பாதி, சட்டமன்றத்தில் 12 பேர்: எந்தப் படியில் குறைகிறது?

அடிக்குறிப்பு (கேள்வி கேட்பவர்)

முதுகலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றுக்குக் குறிப்பு தேவை. மாநிலச் சட்டமன்றங்களில் பெண்கள் குறைவாக இருப்பதன் சமூக, பண்பாட்டுக் காரணங்கள்தான் பொருள். தமிழ்நாட்டை மையமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

2021 தேர்தலில் 234 இடங்களில் 12 பெண்கள் வென்றார்கள். 5.1 சதவீதம். அதே தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.19 கோடி, ஆண்கள் 3.09 கோடி. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் 1921-இல் சென்னைதான். 1920களின் பிற்பாதியிலேயே சட்ட கவுன்சிலின் துணைத் தலைவர் நாற்காலியில் முத்துலட்சுமி ரெட்டி அமர்ந்திருந்தார். நூறு வருடம் கழித்து இந்த 5 சதவீதம்.

'ஆணாதிக்கச் சமூகம்' என்று ஒரு வரியில் முடித்தால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆனால் ஒன்றும் புரியாது. என் கேள்விகள் மூன்று. எந்தப் படியில், யார் கையால் எண்ணிக்கை குறைகிறது? அதைக் காட்ட எந்தத் தரவை எப்படி எடுப்பது? 2023-இல் வந்த, சட்டமன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் ஒதுக்கீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தால் இந்தக் காரணங்கள் எல்லாம் செல்லாமல் போய்விடுமா?

---

வைகைக்கரையான்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். குறைவது சீட்டு கொடுக்கும் படியில். வாக்காளர் அதற்கு அப்புறம்தான் வருகிறார்.

2021-இல் தி.மு.க. நேரடியாக நின்ற 173 தொகுதிகளில் பெண் வேட்பாளர் 12 பேர். பா.ஜ.க. 20 தொகுதிகளில் 3. வாக்குச்சாவடிக்குப் போகும் முன்பே 90 சதவீதத்துக்கு மேல் கதவு சாத்தியாகிவிட்டது. 234 தொகுதிகளிலும் நின்ற நாம் தமிழர் கட்சி சரிபாதியாக 117 பெண்களை நிறுத்தியது. சுமார் 6.6 சதவீத வாக்கு வாங்கிய அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆகவே எத்தனை பெண்கள் நின்றார்கள் என்று எண்ணினால் போதாது. வெல்லக்கூடிய கட்சி, வெல்லக்கூடிய தொகுதியில் எத்தனை பெண்களை நிறுத்தியது என்று எண்ண வேண்டும்.

சீட்டு எப்படி முடிவாகிறது? விருப்ப மனு, நேர்காணல், தலைமை அறிவிப்பு என்பது வெளியே தெரியும் வரிசை. பெண்களுக்கு விருப்ப மனுக் கட்டணத்தைக் குறைத்து வைப்பதும் உண்டு, செய்தியிலும் வரும். ஆனால் நேர்காணலுக்கு முன்பே கட்சியின் மாவட்டச் செயலாளரின் பட்டியல் மேலே போயிருக்கும். அந்தப் பட்டியலில் அவர் பார்ப்பது மூன்று: தொகுதியில் பெரும்பான்மைச் சாதி எது, ஆள் எவ்வளவு செலவு செய்வார், ஒன்றிய, நகரச் செயலாளர்கள் அவருக்கு வேலை பார்ப்பார்களா. பண்பாடு என்று நீங்கள் கேட்பது இந்த மூன்றுக்குள்ளும்தான் உட்கார்ந்திருக்கிறது. சாதிச் சங்கத்தின் சார்பில் 'எங்கள் ஆளுக்கு ஒரு சீட்டு' என்று கேட்டு வருகிற குழுவில் பெண்ணைப் பார்ப்பது அரிது. அந்தச் சங்கத்துக்கு 'எங்கள் ஆள்' என்றால் ஆண் என்று பொருள். கிளை, ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று ஏறும் ஏணியில் பெண்ணுக்கு மகளிர் அணி என்று தனிப் படிக்கட்டு. அது மாநில மகளிர் அணியில் போய் நிற்கும், மாவட்டச் செயலாளர் பதவியோடு இணையாது. தூத்துக்குடி வடக்கு மாவட்டச் செயலாளராக இருந்து அமைச்சரான கீதா ஜீவன் மிக அபூர்வம். அவருடைய தந்தை என். பெரியசாமியும் அதே மாவட்டத்தில் கட்சிச் செயலாளராக இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது அந்த 12 பேரையும் தொகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். குடியாத்தம், மதுராந்தகம், கிருஷ்ணராயபுரம், தாராபுரம், நிலக்கோட்டை, மானாமதுரை ஆறும் ஆதிதிராவிடருக்கான தனித் தொகுதிகள். ஏற்காடு பழங்குடியினருக்கு. ஆக 7. பொதுத் தொகுதிகள் செங்கல்பட்டு, தூத்துக்குடி, கோவை தெற்கு, மொடக்குறிச்சி, விளவங்கோடு. ஆக 5. தனித் தொகுதி மொத்தம் 46, பொதுத் தொகுதி 188. அதாவது தனித் தொகுதிகளில் 15 சதவீதம் பெண்கள், பொதுத் தொகுதிகளில் 2.7 சதவீதம். பக்கத்தில் புதுச்சேரியில் அதே ஆண்டு 30 இடங்களில் வென்ற ஒரே பெண்ணும் நெடுங்காடு தனித் தொகுதியில்தான் வென்றார்.

தனித் தொகுதிகளில் பெண்களை மதிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் எடுக்காதீர்கள். பொதுத் தொகுதியில் ஒரு பெண்ணுக்குச் சீட்டு கொடுத்தால் செல்வாக்குள்ள ஓர் ஆணுக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் போட்டி வேட்பாளராக நிற்பார், அல்லது வேலை பார்க்காமல் கவிழ்ப்பார். தனித் தொகுதியிலோ உள்ளூரில் செல்வாக்குள்ள ஆதிக்கச் சாதிக் கட்சிக்காரர் எப்படியும் நிற்க முடியாது. அங்கே பெண்ணை நிறுத்துவதில் அவருக்கு இழப்பு இல்லை. வென்று வருபவர் தனக்கென ஒரு கோட்டை கட்டமாட்டார் என்ற கணக்கும் உண்டு. கட்சிகள் தனித் தொகுதிகளில்தான் பெண்களைக் கூடுதலாக நிறுத்துகின்றன என்பதை நார்வே ஆய்வாளர் ஃபிரான்செஸ்கா யென்செனியஸ் இந்திய அளவில் காட்டியிருக்கிறார். 'பெண் ஒதுக்கீட்டையும் அதே இடத்திலேயே கழித்துக்கொள்வோம்' என்கிற வேலை இது.

---

புள்ளிக்கோலம்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. அதில் வேட்பாளர் வாரியாகப் பாலினம், கட்சி, வாக்கு எல்லாம் இருக்கும். அதை எடுத்துக் கீழ்க்கண்ட தவறுகளைச் செய்யாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மொத்த வேட்பாளர்களை வைத்து வெற்றி விகிதம் போடுவது முதல் தவறு. 2021-இல் 3,585 ஆண்கள், 411 பெண்கள் நின்றார்கள். ஆண்களில் 6.2 சதவீதம், பெண்களில் 2.9 சதவீதம் வென்றார்கள். உடனே 'வாக்காளர் பெண்ணுக்குப் போடுவதில்லை' என்று எழுதிவிடுவார்கள். அந்த 411-இல் 117 பேர் ஒரே ஓர் இடமும் வெல்லாத கட்சியின் வேட்பாளர்கள். வேறு சில மாநிலங்களில் இதே கணக்கு தலைகீழாக வரும். ஆண் சுயேச்சைகள் நூற்றுக்கணக்கில் நின்று தோற்பதால் பெண்களின் வெற்றி விகிதம் கூடுதலாகத் தெரியும். 'பெண்கள்தான் அதிகம் வெல்கிறார்கள்' என்ற கட்டுரைகள் பலவும் இப்படிப் பிறந்தவை. இரண்டும் பகுதியை (வகுக்கும் எண்ணை) மாற்றிப் போட்டதால் வந்த கோளாறு. அந்தந்தத் தொகுதியில் முதல் இரண்டு இடம் பிடித்த கட்சிகளின் வேட்பாளர்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது, கட்சிவாரியாகச் சிறிய எண்களைச் சதவீதமாக்குவது. 2021-இல் பா.ஜ.க. உறுப்பினர்கள் 4 பேர், அதில் 2 பேர் பெண்கள். 50 சதவீதம்! உதயசூரியன் சின்னத்தில் வென்ற 133 பேரில் 6, இரட்டை இலையில் 66 பேரில் 3, காங்கிரஸில் 18 பேரில் 1. பா.ம.க., வி.சி.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் பூஜ்யம். இதில் மொடக்குறிச்சி முடிவு 281 வாக்கில் வந்தது. அங்கே மோதிய இருவரும் பெண்கள் என்பதால் மொத்த எண்ணிக்கை மாறியிருக்காது, ஆனால் கட்சிக் கணக்கு மாறியிருக்கும். ஒருவர் கூடினால் சட்டமன்றக் கணக்கில் 0.43 புள்ளிதான் நகரும், கட்சிக் கணக்கிலோ 25 புள்ளி நகரும்.

மூன்றாவது, தனித்தனி ஆண்டுகளை எடுத்து ஏற்ற இறக்கம் பேசுவது. 1991-இல் 32 பெண்கள் வென்றார்கள், அதுதான் உச்சம். 2011-இல் 17, 2016-இல் 21, பிறகு 12. இதைச் சமூக மனப்பான்மை மாறியதாகப் படிக்க முடியாது. 1991 ஒரு அலைத் தேர்தல், ஒரே அணி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அள்ளியது. 2016-இன் 21 பேரில் 16 பேர் அ.தி.மு.க. ஆக எந்தக் கட்சி வெல்கிறது, அந்தக் கட்சி எத்தனை சீட்டு கொடுத்தது என்பதே இந்தக் கோட்டை ஏற்றி இறக்குகிறது. பண்பாடு ஐந்து ஆண்டில் பாதியாகத் தேயாது.

நான்காவது: 2006-ஐயும் 2011-ஐயும் தொகுதிவாரியாக ஒப்பிட வேண்டாம். இடையில் 2008 தொகுதி மறுவரையறை வந்து எல்லைகளும் தனித் தொகுதிகளும் மாறிவிட்டன. இடைத்தேர்தலையும் தனியாகக் குறியுங்கள். சத்தீஸ்கரில் 2018 பொதுத் தேர்தலில் வென்ற பெண்கள் 13, இடைத்தேர்தல்களுக்குப் பின் 16. இரண்டு எண்ணும் புழக்கத்தில் இருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள்.

சீட்டு கொடுத்ததிலும் தரம் பிரிக்க வேண்டும். பெண் வேட்பாளர் நின்ற ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தக் கட்சி முந்தைய தேர்தலில் எத்தனை சதவீத வித்தியாசத்தில் வென்றது அல்லது தோற்றது என்று ஒரு பத்தி (நெடுவரிசை) போடுங்கள். ஆண் வேட்பாளர்களுக்கும் அதே பத்தி. தோற்கும் தொகுதிகளில் பெண்களை நிறுத்திவிட்டு எண்ணிக்கை காட்டுகிறார்களா என்பது இதில்தான் வெளிவரும். முந்தைய தேர்தலில் அந்த இடம் கூட்டணிக் கட்சிக்குப் போயிருந்தால் கூட்டணியின் வாக்கை எடுத்துக்கொண்டு, அதை ஒரு குறியிட்டு வையுங்கள்.

---

தாமிரபரணி

வைகைக்கரையான் சொல்வது சரி, ஆனால் கதையைக் கடைசிப் படியில் தொடங்குகிறார். மாவட்டச் செயலாளர் முன்னால் வந்து நிற்கவே ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டும்? அங்கேதான் சமூகக் காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

ஊர். ஆணுக்குப் பிறந்த ஊர், படித்த பள்ளி, சொந்தக்காரர்கள், கோவில் வரி எல்லாம் ஒரே தொகுதிக்குள் இருக்கும். பெண்ணுக்குப் பிறந்த ஊர் ஒன்று, வாக்கப்பட்ட ஊர் வேறொன்று. இருபது வருடம் குடியிருந்தாலும் 'நம்ம ஊர் மருமகள்' தான். சட்டப்படி மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளராக இருந்தால் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். ஆனால் சீட்டுப் பேச்சில் 'மண்ணின் மைந்தன்' என்ற சொல்லுக்குப் பெண்பால் இல்லை. கணவர் வழியாகவோ தந்தை வழியாகவோ வருகிறவர்களுக்கு இந்தத் தடை கரைந்துவிடுகிறது, ஏனென்றால் ஊர்ச் செல்வாக்கை அவர்கள் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். வாரிசு அரசியல் என்று பெண் உறுப்பினர்களை மட்டும் குத்திக்காட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஆண்களில் வாரிசுகள் குறைவா என்ன? வேறு வழியில் உள்ளே வர ஆணுக்கு நாலு கதவு உண்டு, பெண்ணுக்கு அநேகமாக அது ஒன்றுதான்.

சொத்து. சட்டமன்ற வேட்பாளர் செலவு உச்சவரம்பு பெரிய மாநிலங்களில் 2022 முதல் 40 லட்சம் ரூபாய். 2021-இல் அது 30.8 லட்சமாக இருந்தது. கட்சி தன் பேரில் செய்யும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. பிணைத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பெண் என்பதற்காகக் குறைவு கிடையாது. பிணைத்தொகை பெரிய சுமை இல்லை. மனுத்தாக்கலுக்கு முன்பே, கட்சித் தலைமை 'எவ்வளவு போடுவீர்கள்' என்று கேட்கும்போது காட்ட வேண்டிய பணம்தான் சுமை. நிலமோ வீடோ தன் பெயரில் இருந்தால்தான் அடமானம் வைத்துத் திரட்ட முடியும். தமிழ்நாடு 1989-லேயே இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்பு திருமணமானவர்களை அந்தத் திருத்தம் சேர்க்கவில்லை. மத்தியச் சட்டம் மாறியது 2005-இல். கட்சிகளில் சீட்டு வாங்கும் மூத்த தலைமுறைப் பெண்கள் பலரும் அந்த விடுபட்டவர்களில் அடங்குவார்கள். உரிமை கிடைத்தவர்களும் 'சீர் செய்தாகிவிட்டது' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வழக்கமாகவே இருக்கிறது.

இதை வகுப்பில் காட்ட நல்ல வழி உண்டு. வேட்புமனுவோடு தரும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து விவரம் தன் பெயர், துணைவர் பெயர், சார்ந்திருப்போர் என்று தனித்தனிப் பத்திகளில் இருக்கும். சுயமாகச் சம்பாதித்த அசையாச் சொத்தும் வழிவழியாக வந்ததும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். முக்கியக் கட்சிகளின் பெண் வேட்பாளர்களுக்கும் அதே கட்சிகளின் ஆண் வேட்பாளர்களுக்கும் 'குடும்பச் சொத்தில் தன் பெயரில் உள்ள பங்கு' என்று ஒரு விகிதம் போடச் சொல்லுங்கள். நகையைத் தனியாக வைக்க வேண்டும். அதைச் சேர்த்தால் பெண்ணின் பங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் தேர்தல் செலவுக்கு அந்த நகை முழுவதையும் எடுக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

நேரம். அரசியல் வேலை என்பது மேடைப் பேச்சு மட்டும் இல்லை. துக்க வீடு, கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, காவல் நிலையத்தில் பஞ்சாயத்து, இரவு பதினோரு மணிக்கு முடியும் செயற்குழு. கட்சி அலுவலகத்துக்கு இணையாக டீக்கடை பெஞ்சிலும் முடிவெடுக்கிறார்கள். அந்த பெஞ்சில் பெண்ணுக்கு இடமில்லை. மகளிர் அணிக் கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு வைப்பது வசதிக்காகத்தான், ஆனால் முடிவு எடுக்கும் கூட்டம் அது இல்லை. கூடவே ஓர் ஆண் உறவினர் வந்தால் 'அவர்தான் நடத்துகிறார்' என்பார்கள், வராவிட்டால் வேறு மாதிரி பேசுவார்கள்.

அந்த வேறு மாதிரிப் பேச்சு நான்காவது. ஓர் ஆண் அரசியல்வாதியைத் திட்ட ஊழல் என்ற சொல் போதும். பெண்ணென்றால் நேரே ஒழுக்கத்துக்குப் போவார்கள். 1989 மார்ச் 25 அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதாவுக்குச் சட்டமன்றத்துக்குள்ளேயே நேர்ந்ததை நாடே பார்த்தது. முதலமைச்சராகும் தூரத்தில் இருந்தவருக்கே அது என்றால், ஒன்றியக் கவுன்சிலர் ஒருவரின் வீட்டில் 'இனிமேல் போக வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் குழுக்கள் சீக்கிரமாகவே செய்துவிடுகின்றன.

---

அடிக்குறிப்பு

தனித் தொகுதிப் பிரிப்பை இதுவரை யோசிக்கவே இல்லை, நன்றி. தாமிரபரணி சொன்ன சொத்து வாதத்தில் ஒரு சந்தேகம். சொத்தும் வாரிசுரிமையும் பெண் வழியில் போகும் மேகாலயாவில் நிலைமை வேறாக இருக்க வேண்டுமே? படிப்புதான் காரணம் என்றால் கேரளம் எங்கோ போயிருக்க வேண்டுமே?

---

மலைச்சாரல்

உங்கள் இரண்டு 'வேண்டுமே'யும் நடக்கவில்லை.

மேகாலயாவில் 2023-இல் 60 இடங்களில் 3 பெண்கள். 5 சதவீதம், தமிழ்நாட்டு அளவேதான். காசி, காரோ பழங்குடி மக்களிடம் குலமும் சொத்தும் தாய் வழி. ஆனால் காசி ஊர்களை ஆளும் 'தோர்பார் ஷ்னோங்' என்ற ஊர்ச் சபை மரபாக ஆண்களுடையது. சொத்து பெண் பெயரில், சபை ஆண் கையில் என்று இரண்டும் தனித்தனிக் கால்வாயாக ஓடுகின்றன. சொத்து இருந்தால் பணத் தடை குறையும், அவ்வளவுதான். பொதுவில் பேசும் அதிகாரத்தை அது தானாகக் கொண்டுவராது. ஆகவே மாணவர்களுக்கு 'தாய்வழிச் சமூகம்' என்பதையும் 'பெண் ஆட்சி' என்பதையும் பிரித்துக் காட்ட மேகாலயா நல்ல உதாரணம்.

நாகாலாந்து இன்னும் கூர்மையானது. 1963-இல் மாநிலமானது. சட்டமன்றத்துக்கு முதல் பெண்கள் வென்றது 2023-இல்: ஹெகானி ஜக்காலு, சல்ஹூட்டுவோனுவோ குரூசே. 1977-லேயே ரானோ ஷைசா அங்கிருந்து மக்களவைக்குப் போயிருக்கிறார், ஆனால் சட்டமன்றக் கதவு அறுபது வருடம் திறக்கவில்லை. நகர உள்ளாட்சியில் 33 சதவீதம் என்றதும், அரசியலமைப்பின் 371ஏ பிரிவு காக்கும் நாகா வழக்காற்றுக்கு அது விரோதம் என்று பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. 2017-இல் உயிர்ச்சேதம் வரை போய், முதல்வர் ஜெலியாங் பதவி விலகினார். கடைசியில் அந்த ஒதுக்கீட்டோடு நகரத் தேர்தல் நடந்தது 2024 ஜூனில்தான். பண்பாடு நேரடியாகவே தடுத்தது என்று சொல்லத் தக்க இடம் இது. தமிழ்நாட்டில் அப்படி யாரும் வெளிப்படையாக எதிர்க்கமாட்டார்கள். மேடையில் எல்லோரும் ஆதரவு, பட்டியலில் இருக்காது.

படிப்பு விஷயம். 2011 கணக்கெடுப்பில் பெண் எழுத்தறிவு கேரளத்தில் சுமார் 92 சதவீதம், சத்தீஸ்கரில் சுமார் 60. கேரளத்தில் 2021-இல் 140-க்கு 11 பெண்கள், 7.9 சதவீதம். சத்தீஸ்கரில் 2023-இல் 90-க்கு 19, 21 சதவீதம். காங்கிரஸில் 11 பேர், பா.ஜ.க.வில் 8 பேர், ஆக இரண்டு பெரிய கட்சிகளும் வெல்லும் இடங்களில் பெண்களை நிறுத்தியிருக்கின்றன. எழுத்தறிவு மிகுந்த மிசோரமில் 2018-இல் ஒருவரும் இல்லை, 2023-இல் 40-க்கு 3. ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல் விகிதத்தில் வாக்களித்த இமாச்சலத்தில் 2022-இல் 68-க்கு ஒருவர். படிப்பு பெண்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவரும். வேட்பாளர் பட்டியலுக்குக் கொண்டுவருவது கட்சிகளுக்கிடையே நடக்கும் போட்டி. ஒரு கட்சி கூட்டினால் எதிர்க்கட்சியும் கூட்ட வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் எண் நகர்கிறது. மேற்கு வங்கத்தில் 2019 மக்களவைத் தேர்தலுக்கு திரிணமூல் 42-இல் 17 சீட்டு பெண்களுக்குக் கொடுத்ததும், அதே தேர்தலில் ஒடிசாவில் பிஜு ஜனதா தளம் மூன்றில் ஒரு பங்கு கொடுத்ததும் தலைமையின் முடிவுதான். அந்த வருடம் வங்கத்தின், ஒடிசாவின் பண்பாடு திடீரென மாறிவிடவில்லை.

கேரளத்தில் 2021-இல் நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கே.கே. சைலஜா மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், அதுவரையிலான கேரளச் சட்டமன்றத் தேர்தல் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். அதே தேர்தலில் மாநில மகளிர் காங்கிரஸ் தலைவராக இருந்த லத்திகா சுபாஷ் தனக்குச் சீட்டு இல்லை என்று கட்சி அலுவலகத்தின் முன்பே தலையை மழித்துக்கொண்டார். வாக்காளர் தயங்கினாரா, கட்சி தயங்கியதா என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

---

வாக்குச்சாவடி 112

உள்ளாட்சியில் பாதி இருந்தும் மேலே ஏன் வரவில்லை என்பதை யாரும் தொடவில்லை.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. தலைவர் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஆனால் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சி அடிப்படை. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதாவது கட்சி யாரைச் சொல்கிறதோ அவர். ஆக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் தலைவர்கள் கட்சியின் கணக்கிலேயே ஏறுவதில்லை.

அளவும் பெரிய பள்ளம். ஊராட்சியில் சில ஆயிரம் வாக்காளர்கள், ஒன்றிய வார்டு சுமார் 5,000 மக்கள் தொகை, சட்டமன்றத் தொகுதியில் சராசரி 2.7 லட்சம் வாக்காளர்கள். நடுவில் இருக்கும் மாவட்ட ஊராட்சி வார்டு சுமார் 50,000 மக்கள் தொகை, அதுதான் சட்டமன்றத்துக்கு நிஜமான பயிற்சிக் களம். அங்கே வென்ற பெண்களில் எத்தனை பேருக்கு அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சீட்டு வந்தது என்று மாணவர்கள் எண்ணினால் நல்ல ஆய்வு.

ஊராட்சிக்குள்ளும் அதிகாரம் முழுதாக இல்லை. பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லாததால் உள்ளூர்ப் பெரும்புள்ளி அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். தலைவர் பட்டியல் சாதிப் பெண் என்றால் கையெழுத்தை மறுத்தே வேலையை முடக்கிவிட முடியும். பிறகு 'அந்தம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை' என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

ஏணியே அடிக்கடி உடைகிறது என்பதையும் சேருங்கள். 2016-இல் பதவிக்காலம் முடிந்த பின் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். அந்த 27 மாவட்டங்களில் காலம் முடிந்து 2025 ஜனவரியில் மறுபடி தனி அலுவலர்கள் (தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் நிர்வகிக்கும் அரசு அதிகாரிகள்) வந்துவிட்டார்கள். ஆண் அரசியல்வாதிக்குப் பதவி இல்லாத மூன்று வருடத்தில் ஒப்பந்த வேலையும் கட்சிப் பொறுப்பும் இருக்கும். பெண்ணுக்கு அந்தப் பதவி ஒன்றே அடையாளம், அது போனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக. நீங்கள் கேட்ட ஒதுக்கீட்டுச் சட்டமான 2023-இன் 106-வது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியபோது இருந்த வாசகப்படி, அதற்குப் பின் எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகி, மறுவரையறை முடிந்த பிறகே ஒதுக்கீடு. கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். தனித் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒரு பங்கு. 15 ஆண்டு காலம், ஒவ்வொரு மறுவரையறைக்கும் பிறகு சுழற்சி. இப்போதைய 234-ஐ வைத்தால் 78 இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு உள் ஒதுக்கீடு இல்லை. 1996-இல் முதல் மசோதா வந்தது முதல் ஓடும் சண்டை அது.

சீட்டு மறுப்பு என்ற தடையை இது உடைக்கும். பிறகு கேள்வி, யாருக்குச் சீட்டு என்று மாறும். மனைவி, மகள், மருமகளுக்குப் போகுமா, பதினைந்து வருடமாகக் கொடி பிடித்தவருக்குப் போகுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஒதுக்கீடு நீங்கிய பின் என்ன ஆகும் என்பதற்கு ரிகில் பாவ்னானி மும்பை மாநகராட்சி வார்டுகளை ஆராய்ந்தது இருக்கிறது. ஒரு முறை பெண்களுக்கு ஒதுக்கி, அடுத்த முறை பொதுவாக்கிய வார்டுகளில் பெண் வெல்லும் வாய்ப்பு, ஒதுக்கப்படாதிருந்த வார்டுகளைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. ஆனால் அது மாநகராட்சி வார்டு. சட்டமன்றத் தொகுதியில் அதே மடங்கு வரும் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

---

புள்ளிக்கோலம்

மேலே 'தனித் தொகுதி 15 சதவீதம், பொதுத் தொகுதி 2.7' என்பதை வகுப்பில் போடும் முன் 2016, 2011-க்கும் அதே பிரிப்பைச் செய்துவிடுங்கள். ஒரே தேர்தலின் 7-ஐயும் 5-ஐயும் வைத்து விதி சொன்னால் பின்வரிசையில் கணக்குத் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார். மூன்று தேர்தலும் ஒரே எல்லைகளில் நடந்தவை, அதனால் 50 பெண்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். விளவங்கோட்டை 2021 வரிசையில் ஒரு முறை மட்டும் எண்ணுங்கள். அங்கே வென்ற விஜயதரணி விலகியதால் 2024-இல் இடைத்தேர்தல் வந்து தாரகை கத்பர்ட் வென்றார், இருவரையும் சேர்த்து 13 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.